சோபாவைப் பார்த்த திரை

பியோன் இன்ஹேயிடம் வேலை கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி. "எதுல பண்றீங்க?"

அது அவளுக்குப் பிடிக்காத கேள்வி. சமைத்ததை வாயில் வைக்காமலே சட்டி எந்தக் கம்பெனி என்று கேட்கிற மாதிரி. தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒரு பாட்டாகக் கலக்கும் மிக்ஸிங்கும், கலந்ததை மெருகேற்றி வெளியே அனுப்பும் மாஸ்டரிங்கும் அவள் வேலை. இரண்டுக்கும் கணினியில் ஒரு மென்பொருள் வேண்டும். சியோலில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்த மென்பொருளின் பெயரை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள். மோனார்க் வைத்திருந்தால் எஞ்சினியர். ஜாகல் வைத்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை.

இன்ஹே ஜாகல்காரி. ஜேசோன் என்ற ஊரில் அவள் அப்பாவும் அம்மாவும் சலவைக் கடை வைத்திருந்தார்கள். சிமெண்ட் ஆலைக்காரர்களின் சட்டைகளை வெளுத்து இஸ்திரி போடும் கடை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பழைய கீபோர்டு ஒன்றை வாங்கியபோது கூடவே இலவசமாக வந்ததுதான் ஜாகல். அதைக் கல்லூரியில் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள்.

"ஏய் இன்ஹே, அதுல பாட்டெல்லாம் வருமா, இல்ல காலிங் பெல் சத்தம் மட்டும்தானா?" என்று ஒரு சீனியர் கேட்டான். வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பல் கூசும்.

அப்போதே அவள் ஒரு சோதனை செய்து பார்த்தாள். ஒரே பாட்டை, ஒரே அளவுகளில், இரண்டு மென்பொருளிலும் கலந்து எடுத்தாள். ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு சேர்த்து ஓடவிட்டாள். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு மௌனம்தான் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை. மெல்லிய முனகல் ஒன்று வந்தது. அப்படியானால் அவர்கள் சொல்வது நிஜம்தானா? தோண்டிப் பார்த்தபோது விஷயம் சப்பென்று இருந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் ஒலியை மோனார்க் ஜாகலைவிடக் கொஞ்சம் சத்தமாக விடுகிறது. அவ்வளவுதான். சத்தம் ஒரு துளி கூடினால் எந்தக் காதும் அதை நல்லது என்றுதான் சொல்லும். அந்த அமைப்பைச் சமன் செய்தாள். மௌனம்.

ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் காட்டினாள். அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "மௌனத்த வெச்சு என்ன பண்ணப் போற? மோனார்க்ல ஒரு ஆழம் இருக்கும்மா. அதெல்லாம் மீட்டர்ல வராது" என்றார்.

இரண்டும் எல்லாவற்றிலும் ஒன்று என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பெரிய வாத்தியக் குழுவை உட்கார வைத்துப் பதிவு செய்ய மோனார்க்தான் வசதி. வேறு ஸ்டுடியோவுக்குக் கோப்பை அனுப்பினால் அங்கே அப்படியே திறக்கும். ஜாகலில் குரலை எழுத்தெழுத்தாக நறுக்கலாம், கோட்டைக் கையால் வளைத்து ஒரு சொல்லை மட்டும் உயர்த்தலாம், நினைத்த வேகத்தில் கை ஓடும். ஆணி அடிக்க ஒரு சுத்தி, தகடு தட்ட ஒரு சுத்தி. ஆனால் ஆழம், சூடு, உயிர் என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது? அது சுத்தியில் இல்லை.

இப்போது அவள் வேலை பார்ப்பது சியோலின் மங்வோன் பகுதியில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் ஸ்டுடியோவில். முதலாளி பாங் குவான்சிக். நல்ல காது உள்ளவர். வெட்கம் இல்லாதவர். உதவியாளாகச் சேர்ந்ததிலிருந்து இன்ஹே செய்த வேலைகளெல்லாம் அவர் பெயரில்தான் வெளியே போயின. அதில் அவளுக்குப் புகார் இல்லை, எல்லா ஸ்டுடியோவிலும் அப்படித்தான். ஆனால் இந்த வசந்தத்தில் அவர் ஓர் ஆல்பத்தைத் தூக்கி அவள் மேசையில் போட்டார்.

"ரான் அக்காவோட ஆல்பம். எனக்கு நேரமில்ல. நீயே கலந்து மாஸ்டரிங்கும் பண்ணிடு. அட்டைல உன் பேருதான்."

"என் பேரா?"

"பின்ன, என் மாமியார் பேரா? ஒண்ணு மட்டும். அவங்க மோனார்க்லதானேன்னு கேட்டாங்க, ஆமான்னுட்டேன்."

"நான் ஜாகல்லதான் சார் வேகமா பண்ணுவேன்."

"எதுல வேணா பண்ணிக்கோ. அவங்க வந்து உக்காரும்போது சோபா மோனார்க்கப் பாக்கணும்."

சோபா என்றால் வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபா. எஞ்சினியரின் முதுகுக்குப் பின்னால், பெரிய திரையைப் பார்த்தபடி இருக்கும். சிகரெட்டும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றம் அடிக்கும். வருகிறவர்கள் அதில் சாய்ந்துகொண்டு திரையில் ஓடும் அலைகளையும் மினுக்கும் விளக்குகளையும் பார்த்துக்கொண்டேதான் பாட்டைக் கேட்பார்கள். கேட்பது காதா கண்ணா என்று அவர்களுக்கே தெரியாது. குவான்சிக் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஜாகலில் கலந்து முடித்த பாட்டை ஒரே கோப்பாக எடுத்து, மோனார்க்கில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒளித்து வைப்பது. மேலே குரல், கிட்டார், டிரம்ஸ் என்று பச்சைப் பதிவுகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் ஒலி வெளியே போகாமல் அடைத்துவிடுவது. அலைகள் ஓடும், விளக்குகள் எரியும். காதில் விழுவது அடியில் இருக்கும் ஒற்றைக் கோப்பு மட்டும்.

"இது ஏமாத்து வேல இல்லியா சார்?"

"ஏமாந்தாதானே ஏமாத்து? அவங்க சந்தோஷமால்ல போறாங்க!"

சரி, பெயர் வரட்டும் என்று இன்ஹே நினைத்தாள். அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். அம்மா சலவைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தாள்.

பாடகி தோக்கோ ரானும் கிட்டார்க்காரர் மா சங்பில்லும் கேட்க வந்த மதியம், குவான்சிக் சோயாச் சாந்தில் புரட்டிய ஜாஜாங் நூடுல்ஸ் வரவழைத்திருந்தார். சங்பில் உதட்டில் கறுப்புச் சாந்து ஒட்டியிருக்க, நூடுல்ஸை இழுக்கும் சத்தம் பாட்டின் முதல் வரியை விழுங்கியது. மஞ்சள் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டே பேசினார்.

"நான் வீட்ல ஜாகல்ல போட்டுப் பாத்தேன் தங்கச்சி. என் கிட்டாரு பிளாஸ்டிக் வாளிய தட்டுற மாதிரி இருந்துச்சு. இங்க பாரு, எழுந்து நிக்குது!"

"நிக்காம?" என்றார் குவான்சிக். "மோனார்க்குன்னா சும்மாவா?"

"இன்ஹே," என்றாள் ரான், "என் குரல ஒரு மயிரிழை தூக்கேன். ஒரே ஒரு மயிரிழை."

திரையில் ரானின் குரல் என்று எழுதியிருந்த வரியின் பொத்தானை இன்ஹே மேலே தள்ளினாள். அந்தப் பொத்தானுக்கும் காதில் விழுவதற்கும் எந்த உறவும் இல்லை. பேசாமல் அடுத்த அறைக் கதவின் குமிழைத் திருகியிருக்கலாம்.

"அப்பாடா! இப்பதான் உசுரு வந்துச்சு," என்று ரான் நெஞ்சில் கை வைத்தாள்.

இன்ஹே பொத்தானைத் தள்ளிய விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

நான்காவது பாட்டு ஓடியது. அதில் சங்பில் ஓர் இரண்டாவது கிட்டாரும் வாசித்திருந்தார். யாரிடமோ கெஞ்சிக் கடன் வாங்கிய பழைய கிட்டார். அந்த ஒரு வாசிப்புக்காக நாள் கணக்கில் ஸ்டுடியோவில் கிடந்தவர். திரையில் அந்த வரி துடிக்க ஆரம்பித்ததும் அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வருது பாரு, வருது பாரு... ஆஹா! அந்தக் கம்பியோட துரு வரைக்கும் கேக்குது. ரான், கேக்குதா?"

"கேக்காம என்ன?"

எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, சோபாவில் சாந்துக் கறையை விட்டுவிட்டு அவர்கள் போனார்கள். இன்ஹே துணியால் அதைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் பரவியது. பிறகு மாஸ்டரிங் செய்வதற்காக ஜாகலைத் திறந்தாள். நான்காவது பாட்டில் இரண்டாவது கிட்டாரின் வரி சாம்பல் நிறத்தில் கிடந்தது.

அடைபட்டிருந்தது. ரானின் மூச்சுச் சத்தத்தைத் தனியே கேட்பதற்காக அவளே அதை அடைத்திருந்தாள். திறக்க மறந்து அப்படியே கோப்பாக எடுத்துவிட்டாள். சற்று முன் அந்த அறையில் ஒலித்த பாட்டில் அந்தக் கிட்டார் இல்லவே இல்லை. அதன் துருவைக் கேட்டவர் அதை வாசித்த ஆள்.

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. ஏனென்றால் அவளும் அந்த அறையில்தான் இருந்தாள். அந்தப் பாட்டோடு நாள் நாளாகக் கிடந்தவள். திரையில் அலை ஓடியபோது அவளுக்கும் கிட்டார் கேட்டது. கல்லூரியில் மௌனத்தைச் செய்து காட்டியவளுக்கு! அவர்கள் மேல் வந்த அருவருப்பு திரும்பி வந்து அவள் மேலேயே அப்பிக்கொண்டது.

கிட்டாரைத் திறந்துவிட்டுக் கேட்டாள். அடைத்துவிட்டுக் கேட்டாள். கிட்டார் இல்லாதபோது பாட்டு நன்றாக இருந்தது. குரலைச் சுற்றிக் காற்று இருந்தது. இது வேறு வம்பு. சத்தமில்லாமல் திறந்து அனுப்பிவிட்டால் நல்ல பாட்டு கெடும். அப்படியே விட்டால் ஒரு மனிதரின் வாசிப்பை அவருக்கே தெரியாமல் தூக்கி எறிந்ததாகும். உண்மையைச் சொன்னால் ஜாகல் வெளியே வரும், அவள் பெயர் போகும்.

முதலில் குவான்சிக்கிடம் சொன்னாள். அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கிலும் வந்தது.

"துருவா! துரு கேட்டுச்சாமா! ஐயோ வயிறு... விடு இன்ஹே. அவனே சரின்னுட்டான். அப்படியே அனுப்பு."

அந்தச் சிரிப்பின் ஈரம் தன் மேல் தெறித்ததைப் போல அவள் பின்வாங்கினாள். தெருவுக்கு ஏறி வந்து சங்பில்லை அழைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். நீங்கள் கேட்டது ஜாகல். நான்காவது பாட்டில் உங்கள் இரண்டாவது கிட்டார் இல்லை. தப்பு என்னுடையது.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ரானுக்குத் தெரியுமா?"

"இல்லண்ணே."

"சொல்லிடாத."

"கிட்டார உள்ள போட்டுடவா? இல்லாம நல்லாதான் இருக்கு, ஆனா முடிவு உங்களோடது."

"போட்டா வித்தியாசம் தெரிஞ்சு ரான் கேப்பா தங்கச்சி. வேணாம். அப்படியே இருக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என் பேரு மட்டும் இருக்கட்டும். ரெண்டாவது கிட்டார்னு."

சில நாட்களில் ரான் அட்டையின் மாதிரியைக் கைபேசியில் அனுப்பினாள். எழுத்துப்பிழை பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தாள். நான்காவது பாட்டின் கீழே, இரண்டாவது கிட்டார் மா சங்பில் என்று இருந்தது. கடைசி வரியில், மிக்ஸிங், மாஸ்டரிங் பியோன் இன்ஹே, மோனார்க்கில் என்று இருந்தது. தன் பெயரை அச்செழுத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் முறை. அழகாகத்தான் இருந்தது. பக்கத்துச் சொல் அதன் மேல் சாந்துக் கறை மாதிரி ஒட்டியிருந்தது.

சங்பில்லின் வரி அவர் பாடு. அதை அவள் தொடவில்லை. தன் வரியை மட்டும் திருத்தி, "மோனார்க் தப்பு, ஜாகல்னு போடுங்க" என்று எழுதி அனுப்பினாள்.

உடனே ரான் அழைத்தாள்.

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லக்கா. கலந்தது ஜாகல்லதான். அன்னிக்கு நீங்க கேட்டதும் அதான்."

"அன்னிக்கா? அதானே பாத்தேன்!" ரானின் குரல் ஏறியது. "எனக்கு அன்னிக்கே உறுத்துச்சு. அந்த நாலாவது பாட்டுல ரெண்டாவது கிட்டாரு ஏதோ பிளாஸ்டிக் மாதிரி. சங்பில்கிட்டக்கூடச் சொன்னேன்."

"எந்தக் கிட்டாருக்கா?"

"ரெண்டாவது கிட்டாரு! காது இருக்கா உனக்கு?"

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம் போதும், ரானின் வாய் அடைபட்டிருக்கும். சங்பில் சொல்லிடாத என்று கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. இன்ஹே பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்தை ரான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டு வைத்தாள். ஆல்பம் கங்னாம் பகுதியில் வேறொரு ஸ்டுடியோவுக்குப் போயிற்று. அங்கே மோனார்க்கில்தான் செய்வார்களாம்.

"ஒரு வார்த்த," என்றார் குவான்சிக், பல்லைக் குத்திக்கொண்டே. "ஒரே ஒரு வார்த்தைய அப்படியே விட்டிருந்தா இன்னிக்கு நீ எஞ்சினியர். படிச்சும் பொழைக்கத் தெரியலயே உனக்கு."

அம்மாவிடம் என்ன சொல்வது என்று இன்ஹேக்குத் தெரியவில்லை. பெயர் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். சொன்னால், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்பாள். நேர்மையா அது, இல்லை வீம்பா? கல்லூரியில் சேர்ந்து சிரித்ததற்கு இத்தனை வருஷம் கழித்துச் சொன்ன பதிலா? அவளுக்கே பிடிபடவில்லை.

குவான்சிக் வெளியே போன பிறகு நான்காவது பாட்டைத் திறந்தாள். திரையை அணைத்தாள். கிட்டாரை அடைக்கும் விசையில் விரலை வைத்து, எண்ணாமல் தாறுமாறாகத் தட்டினாள், திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று தனக்கே தெரியாத வரைக்கும். பிறகு ஓடவிட்டுக் கேட்டாள். குரல் வந்தது. குரலுக்குப் பின்னால் எதுவோ கரகரத்தது.

இருக்கிறது, என்றாள் வாய்விட்டு.

திரையைப் போட்டாள். கிட்டார் இருந்தது. பாட்டைக் கெடுக்கத்தான் செய்தது.