இரண்டே இரண்டு பேர் ஆடும் போட்டி

சேரை விருந்துக்குக் கூப்பிட்டது அன்பினால் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் எங்கள் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். பெண்கள் ஹொக்கி அணியில் நான் கோல் காத்தேன். எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு அணி வைத்திருந்தவை இரண்டே பாடசாலைகள், நாங்களும் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றும். இறுதிப் போட்டிக்கு முந்தைய கிழமை, சேர் எங்கள் மட்டைகளை வாங்கிப் பொடியன்களிடம் கொடுத்துவிட்டார்.

"ரெண்டே ரெண்டு பள்ளிக்கூடம். நீங்க வெல்லுவீங்க, இல்லாட்டி அவங்க. இதெல்லாம் ஒரு போட்டியா புள்ளைகள்?"

அத்தோடு அணி செத்தது. நான் அழவில்லை. வயிறு எரிந்தது, இன்றுவரை எரிகிறது.

பிறகு அவர் கனடா போனார். இந்த வருடம் அம்மன் சடங்குக்கு மகளோடு வந்து, மகள் ஐஸ் ஹொக்கி ஆடுகிறாள், நாளைக்குக் கனடாவுக்கே ஆடுவாள் என்று ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்தார். அடி சக்கை என்று நினைத்தேன். அன்றிலிருந்து மீன் கழுவும்போதும் என் போனில் ஐஸ் ஹொக்கிதான். ஆண்கள் பக்கம் சுவீடன், பின்லாந்து, செக் என்று பல நாடுகள் தங்கம் வாங்கியிருக்கின்றன. பெண்கள் பக்கம் கனடா, விட்டால் அமெரிக்கா. வேறு யாருமில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வாவி நண்டு வாங்கிக் கறி வைத்தேன். மகளோடு வந்த சேர் ருசித்துச் சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன், பெண்கள் ஆட்டத்தில் யார் யார் கெட்டிக்காரர் என்று.

"கனடாவ அடிக்க ஆளில்ல. அமெரிக்கா மட்டும் கொஞ்சம் இழுக்கும்."

"அப்ப ரெண்டே ரெண்டு நாடு. இதெல்லாம் ஒரு போட்டியா சேர்?"

அவருக்கு ஒன்றும் நினைவில்லை, பாவி! சிரித்தார். மகளுக்குத்தான் முகம் சிவந்தது.

"அன்ரி, மற்ற நாடுகள்ல பொம்புளப் புள்ளைகளுக்கு ஐஸும் இல்ல, கோச்சும் இல்ல. அது எங்கட பிழையா? அதுக்காக ஆட்டத்த நிப்பாட்டச் சொல்றவங்களக் கண்டா எனக்கு விசர் வரும்."

"அப்பிடி நிப்பாட்டின ஒருத்தர் உனக்குப் பக்கத்திலதான் இருக்கார், மகள்."

எல்லாவற்றையும் சொன்னேன். சேர் செருமினார். "அது அந்தக் காலம். ரெண்டு பள்ளிக்கூடத்த வெச்சிக்கொண்டு என்ன செய்யிற?"

விடுவேனா? எங்கள் அம்மன் கோயிலில் கொம்பு முறிப்பது அவருக்கு உயிர். ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த மரக்கொம்புகளைக் கோத்து இழுக்கும். முறிந்த பக்கத்துக்கு வசைப் பாட்டு.

"வடசேரி, தென்சேரி ரெண்டுதானே சேர்? வடசேரிக்குக் கத்தித் தொண்டை கிழிஞ்சவர் நீங்க. மூணாவது சேரி இல்லையெண்டு கொம்ப நிப்பாட்டினீங்களா?"

மகள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, நான் இஞ்ச பிறந்திருந்தா என்ட மட்டையையும் வாங்கியிருப்பீங்க, என்ன?"

சேர் என்னைப் பார்த்தார், காப்பாற்று என்பதுபோல. நான் அவர் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை கறி ஊற்றினேன்.

"புள்ள கேக்குறா சேர். சொல்லுங்க."