பயத்தைக் கேட்டு வாங்கிய அண்ணன்

அண்ணன் போய் இந்த மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வரும் உறவினர்களுக்கும், மில்லில் அவரோடு உழைத்தவர்களுக்கும் கொடுக்க நாலு பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான். பெரிய பயந்தாங்கொள்ளியும் நான்தான். அண்ணனைப் பற்றி எழுத அந்தத் தகுதியும் வேண்டும் என்பதை மில்லில் இருந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

செந்துறைக்கு மேற்கே, மழையை நம்பிப் பிழைக்கும் ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரமே கண்ணை மூடிவிட்டார். அம்மாவையும் என்னையும் காப்பாற்ற அண்ணன் அரியலூரில் ஒரு கடலை மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தார். பிறகு இஞ்சின் வேலை பழகி மேஸ்திரி ஆனார். யுத்த காலத்தில் விளைச்சல் பொய்த்த ஒரு வருஷம், அண்ணியும் நானும் அங்கேயே கடலை பொறுக்கப் போனோம்.

முதல் நாள் உள்ளே கால் வைத்ததுமே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது. இஞ்சினிலிருந்து கடலை உடைக்கும் மெஷினுக்கு ஒரு நீளமான பெல்ட் ஓடும். யுத்தத்தில் புதுசு கிடைக்காமல் பழையதையே தைத்துத் தைத்து ஓட்டினார்கள். தையல் விட்ட இடம் சுற்றி வரும்போதெல்லாம் சட்டென்று ஓர் அடி விழும். ஒவ்வோர் அடிக்கும் என் உடம்பு தூக்கிப் போடும். பெண்கள் அந்தப் பெல்ட்டுக்குக் கீழே குனிந்துதான் மறுபக்கம் போகவேண்டும்.

ஒருநாள் அஞ்சலை அக்காவின் வலது கை அதில் மாட்டியது. உயிர் தப்பிவிட்டார். விரல்கள் போயின. முதலாளி பூசணிக்காய் உடைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் மெஷினுக்குப் போடும் மாலையை இனிமேல் பெரிதாகக் கட்டச் சொன்னார். எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. மெஷின் முன்னால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால், சொன்னவரைத்தான் அது அடுத்துப் பிடிக்கும். அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தோம்.

அந்தச் சனிக்கிழமை இஞ்சினை நிறுத்தியதும் அண்ணன் எல்லோரையும் மூட்டைகள் மேல் உட்கார வைத்தார்.

"இந்த வாரம் எதைப் பாத்துப் பயந்தீங்க? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

ஒருவரும் தலை தூக்கவில்லை.

"சரி, நானே சொல்றேன். நீங்க பெல்ட்டுக்குக் கீழ குனியுறப்பல்லாம் எனக்குப் பயமா இருக்கு. இஞ்சின் பக்கம் நிக்கவே முடியல."

மேஸ்திரிக்கே பயமா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, தரையில் எண்ணெய் வழுக்குகிறது என்றாள். இன்னொருத்தி, இஞ்சின் கிளம்புவது காதில் விழுவதில்லை என்றாள். அண்ணன் வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார். வழுக்கும் இடத்தில் சாக்கு விரித்தார். இஞ்சினைக் கிளப்பும் முன்பு அடிக்க ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். பெல்ட்டை ஒட்டி மூங்கில் தட்டி கட்டி, பெண்கள் சுற்றிப் போக வழி விட்டார். தட்டி அதிர்ந்து பெல்ட்டில் உரசி, மூங்கில் சிலாம்பு பறந்தது. அடுத்த வாரம் தம் தப்பைத் தாமே சொல்லி, அதைப் பிரித்துத் தள்ளிக் கட்டினார். ஒவ்வொரு வாரமும், "போன வாரம் சொன்னது கொறஞ்சுதா?" என்று மறக்காமல் கேட்பார்.

இது முதலாளி காதுக்குப் போயிற்று.

"மெஷினை நிறுத்தி வச்சுட்டு ஆளுங்களுக்குப் பயத்தையா கத்துக்குடுக்குற? வேற வேலை பாத்துக்கிறியா?" என்றார்.

அண்ணனுக்கு வேலை போனால் வீட்டில் நாலு பேருக்கும் கஞ்சி கிடையாது. "விட்டுடுங்களேன்" என்று அண்ணி கெஞ்சினார். அண்ணன் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை முதலாளி தாமே வந்து நின்றார். அன்று பார்த்து அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணுமே சொன்னதில்லையே பாப்பா" என்றார். எதைச் சொல்வேன்? நான் பயந்தது மாலையைப் பார்த்து. பெரிதாகக் கட்டிய பிறகு அதன் நுனி காற்றில் ஆடி ஆடி பெல்ட்டைத் தொடப் போகும். நார் சுற்றிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவள் கதி என்ன? ஆனால் சாமி காரியத்தைக் குற்றம் சொல்ல நான் யார்?

எப்படியோ சொல்லிவிட்டேன். ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் எழுந்து மாலையைக் கழற்றினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாசல் நிலையில் மாட்டினார்.

"ஏதாவது ஒண்ணு ஆச்சு, நீதான் பொறுப்பு" என்றார் முதலாளி.

"ஆகட்டுங்க."

அந்த வாரத்தை எப்படிக் கடந்தோம் என்று எனக்குத் தெரியாது. இஞ்சின் இருமினாலும் எல்லோரும் வேலையை விட்டு எழுந்து நின்றோம். மில்லுக்குப் போகும் முன்பு அண்ணன் அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார். எப்போதும் அப்படிச் செய்கிறவர் அல்ல.

வெள்ளிக்கிழமை பெல்ட் அறுந்தது. சீறிக்கொண்டு பறந்து வந்து மூங்கில் தட்டியைச் சிதற அடித்தது. பெண்கள் தட்டிக்கு அப்பால், சுற்றுவழியில் இருந்தோம். ஒருவர் மேலும் கீறல் இல்லை. சாமி குற்றம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நான் நடுங்கினேன். ஒருவரும் சொல்லவில்லை. முதலாளி முகம் வெளுத்து, கடலைக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு என்னையும் கேளு மேஸ்திரி" என்றார்.

அதன் பிறகு அண்ணன் அந்த மில்லை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமையில் கேட்பதையும் விடவில்லை. சுதந்திரம் வந்த வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். கடைசி நாட்களில் மூச்சுக்குத் தவித்தபோது, "பயமா இருக்கு பாப்பா" என்றார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி கட்டித் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன பக்கத்து வீட்டாருக்கும், காரியச் செலவை ஏற்ற முதலாளிக்கும், தோள் கொடுத்த மூட்டைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மில்லை மூடிவிட்டு வந்த பெண்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். அண்ணியும் நானும் அழக்கூட மறந்து அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அஞ்சலை அக்கா இடது கையால்தான் அரிசியை அள்ளினார். அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொருத்தியும் வலது கை நிறைய அள்ளிப் போட்டாள்.