நான் வரைந்த குறுக்குவழி

மாட்டுங்காவில் டாக்டர் வீட்டுப் படியிறங்கிய நிமிஷத்தில்தான் அந்த எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. சாலையின் இரு பக்கமும் மரங்கள். மரங்களுக்குக் கீழே, ஆள் நடப்பதற்கென்றே உயர்த்திக் கட்டிய பாதை. அதில் ஒரு பெரியவர் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல், எந்த வேலைக்கும் போகாமல் சும்மா நடந்துகொண்டிருந்தார். "தெனம் ஒரு மணி நேரம் நடக்கணும்மா. மருந்து பாதி, நடை பாதி" என்று அம்மாவிடம் டாக்டர் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. இந்தத் தெருக்காரர்களுக்குப் பாதி மருந்தைத் தெருவே கொடுத்துவிடுகிறது. தாராவியில் அம்மா எங்கே நடப்பாள்?

பம்பாயில் டிராம் நின்றுபோன வருஷம் இது. நான் தாதரில் டிராஃப்ட்ஸ்மேன் படிக்கிறேன். ஒரு ஸ்கேலும் இரண்டு பென்சிலும் இருந்தால் ஊரையே திருத்திவிடலாம் என்ற வேகம் அப்போது. அன்று மாலையே எங்கள் சந்துகளை அடிவைத்து அளந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ரயில் மேம்பாலம் ஏறி மாட்டுங்காவின் பொதுத் தோட்டம் வரை ஒரு வழியைத் தாளில் இழுத்துவிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "மெயின் ரோட்டு வழியாவே போயிருதேன்ல. இந்தச் சந்துல சாக்கடைய மூடுன கட்டர்க் கல்லெல்லாம் ஆடும்."

"அது சுத்தும்மா. இதுல போனா பத்து நிமிஷம் மிச்சம். குழாய்ல தண்ணி வாரதுக்குள்ள திரும்பிரலாம்."

"படிச்ச புள்ள சொல்லுத" என்று அதோடு விட்டுவிட்டாள். நடப்பதற்காகவே போகிறவளுக்கு நான் நடையை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்.

எங்கள் வரிசையில் வேலையில்லாமல் நடக்கிற பெண் கிடையாது. அதனால் அம்மா ஒரு காலிப் பையைத் தூக்கிக்கொண்டுதான் கிளம்புவாள். பக்கத்து வீட்டு அத்தை விடமாட்டாள்.

"என்ன மதினி, விடியக்காலமே பையோட? ரேஷன்ல சீனி போடுதானா?"

"எனக்கு எதுக்குட்டி சீனி? உடம்புலயே ஒரு மூடை கெடக்கு."

இரண்டு மாதத்தில் அம்மாவின் முகம் தெளிந்தது. தோட்டத்தில் ஒரு மஞ்சள் பூ மரத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அதைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவாளாம். "ஒரு நாள்கூட விட்டுராதம்மா" என்று நானும் நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

முதல் மழையில் கட்டர்க் கல் ஒன்று புரண்டு அவளுடைய பெருவிரலைக் கடித்துவிட்டது. சர்க்கரையில் மரத்துப்போன கால், வலிக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு எட்டு நாள் நடந்திருக்கிறாள். நாற்றம் வந்த பிறகுதான் அந்தத் துணியை நான் அவிழ்த்தேன். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அந்தக் கல்லின் மேல் ஏறி நின்றேன். ஆடியது. என் தாளில் அந்த இடத்தில் சுத்தமான ஒரு கோடு மட்டும்தான் இருந்தது.

குடத்தோடு வந்த அத்தை நின்றாள். அவளுக்கு அப்போது ஏழு மாசம். "ஏன் மருமவனே, இந்தக் கல்லு ஆடும்னு இங்க சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. எங்கள்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டியா?"

அவள் அந்தக் கல்லைக் காலால்கூடத் தொடாமல், குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கிப் போனாள்.

அம்மா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் கிளாஸ் முடிந்து வந்தால், "அந்த மரம் பூத்துட்டா, லே?" என்று கேட்பாள். அதற்காகவே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். அப்போதெல்லாம் மாட்டுங்காவின் அந்த அகலமான பாதையில் என்னால் நிமிர்ந்து நடக்க முடிவதில்லை.

பழைய தாளைக் கிழித்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பிடித்து முடிந்ததும், அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும் குழாயடியிலிருந்து தவாகானா என்கிற முனிசிபல் மருந்தகம் வரை நடப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் நோட்டோடு பின்னால் போகவேண்டும். எந்தக் கல் ஆடும், எங்கே சகதி நிற்கும், எங்கே கைவண்டி உரசும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளவேண்டும். அதை வரைந்து வார்டு ஆபீசில் கொடுக்கப் போகிறேன். ஆபீஸ்காரர்கள் எப்போது வருவார்களோ தெரியாது. சிமெண்டும் கண்ட்ரோலில்தான்; அரை மூட்டைக்குப் பெர்மிட் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால், அத்தைக்குப் பேறுகாலம் வருவதற்குள் குழாயடிக் கற்களை மட்டுமாவது நாங்களே பதித்துவிடவேண்டும்.