வாரண்டில் இருந்த கோல்கீப்பர்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டி இன்றைக்கு எல்லோரும் பந்து விளையாடுகிற மைதானத்தை உண்டாக்கியவன் நான். வேலிக்காத்தான் முள்ளும் கருங்கல்லுமாகக் கிடந்த புறம்போக்கு அது. முள்ளை வெட்டிக் கொளுத்தியது நான், கல்லைப் பெயர்த்தது நான். தைலமரம் கொண்டுவந்து கோல் கம்பம் நட்டது நான். மணலூர்பேட்டையில் ஆற்று மீன் பிடிக்கிறவர்கள் கழித்துப் போட்ட வலையைக் கேட்டு வாங்கி வந்து, மூன்று நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் கம்பத்துக்குப் பின்னால் கட்டியதும் நான்தான். முதல் வாரம் அதில் மீன் வாடை அடித்தது. பேக் ஆடுகிறவன் ஒருவன் வாந்தி எடுத்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டீமையும் நான்தான் உண்டாக்கினேன். கரும்பு வெட்டுகிறவர்களில் ஐந்து பேர், சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களில் சில பேர், கல்வராயன் மலையிலிருந்து நாலு பேர். யாருக்கும் ஷூ போட்டுப் பழக்கமில்லை. இத்தனையும் செய்தவன் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ரிஷிவந்தியம் பக்கத்தில் நிலமில்லாத கூலிக்காரன் வீட்டில் பிறந்தவன். எனக்கு எவனும் கை கொடுக்கவில்லை.

பந்து எனக்கு எப்படி வந்தது என்றால், செங்கல்லால் வந்தது. மெட்ராசில் கட்டட வேலை. கீழேயிருந்து ஒருவன் கல்லை வீசுவான், சாரத்தில் நின்று நான் பிடித்து மேஸ்திரிக்குக் கொடுப்பேன். பக்கத்து மைதானத்தில் ஒரு கம்பெனி டீம் பிராக்டீஸ் செய்யும். ஒரு நாள் அவர்கள் உதைத்த பந்து சாரத்துக்கே வந்துவிட்டது. இடது கையில் கல் இருந்தது, வலது கையால் பந்தைப் பிடித்தேன். அவர்களுடைய கோச் கீழே வந்து நின்று, "இறங்கி வாடா" என்றார். அந்தக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் சம்பளம் வாங்கினேன். வேலை என்றால், காலையில் கையெழுத்து, பிறகு மைதானம். பெரிய பெரிய டீமெல்லாம் என் கைக்கு எதிரே வந்து நின்றிருக்கிறது.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பன்னிரண்டு வருஷமும் நான் பயந்துகொண்டேதான் நின்றேன். மற்ற பத்துப் பேர் தப்பு செய்தால் பின்னால் ஒருத்தன் இருக்கிறான். கோல்கீப்பருக்குப் பின்னால் வலைதான் இருக்கிறது. விரல் இரண்டு முறிந்து, கம்பெனி வேண்டாமென்று அனுப்பியபோது, துக்கத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. இனி பயமில்லை என்று நினைத்தேன். ஊருக்கு வந்து, ஆலையில் கேட் வேலை வாங்கி, டீமுக்கு மேனேஜர் ஆனேன். அதற்குப் பிறகுதான் பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் கோல்கீப்பர் அந்த மலை ஆட்களில் ஒருவன், கரியாலூர்ப் பக்கம். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மரத்தின் மேலிருந்து ஒருவன் பலாப்பழம் அறுத்துவிட, இவன் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு நெஞ்சோடு பிடிப்பதைப் பார்த்துவிட்டு நானே போய்க் கேட்டுக் கூட்டி வந்தேன். இரண்டு வருஷத்தில் அவனைப் போல கோல்கீப்பர் இந்த ஜில்லாவில் கிடையாது. என்னைப் போல என்று சொல்ல மாட்டேன். கிட்டத்தட்ட.

நான் சொல்கிற டோர்னமென்ட்டில் எங்களுக்கு செமி ஃபைனல் வந்தபோது, நாலு நாள் முன்னால் அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மேனேஜரே, அன்னிக்கு எனக்கு கோர்ட்ல வாய்தாங்க."

"இன்னா வாய்தா?"

"சாராய ஊறல் கேசுங்க. ஓடையில போலீசு வந்ததும் எல்லாரும் ஓடிட்டாங்க. நான் மாட்டிக்கினேன்."

"நீ ஏன் ஓடல?"

"எனக்கு ஓட்டம் வராதுங்க. அதனாலதான கோல்ல நிக்க வெச்சீங்க."

நான் சிரித்துவிட்டு, "வாய்தா போனா இன்னொரு வாய்தா குடுப்பாங்க. செமி ஃபைனல் போனா எவன் குடுப்பான்?" என்றேன்.

மெட்ராஸ் பார்த்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் நம்பினான். நான் அதுவரை கோர்ட் படிக்கட்டில் கால் வைத்ததில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்வது எனக்குப் பழக்கமுமில்லை.

செமி ஃபைனலில் ஜெயித்தோம். இன்னொரு பக்கம் ஜெயித்தது போலீஸ் டீம். ஃபைனல் சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் மைதானத்திலேயே. வியாழக்கிழமை டீக்கடையில் எனக்குத் தெரிந்த ஏட்டு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா மேனேஜரு, உங்க கோல்கீப்பரு பேர்ல வாரண்டு வந்துகீது. வாய்தாவுக்குப் போவலியாமே."

கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தேன்.

"புடிக்கப் போறீங்களா?"

"யாரு இப்ப மலை ஏறுறது. சனிக்கெழம அவனே எறங்கி வருவான்ல."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஊர்ல இருக்கறவன் வாய்தாவுக்கெல்லாம் நீதான் ஜட்ஜா? அவன் பொண்டாட்டி வந்து நம்ம வாசல்ல நிப்பா. நீ போய் பதில் சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவனை வர வேண்டாமென்று சொல்லியனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. கோப்பை மேல் ஆசை. மாற்று கோல்கீப்பர், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். இதுதான் உண்மை. ஆலையில் குமாஸ்தாவாக இருந்த எங்கள் செக்ரட்டரி ஒரு யோசனை சொன்னார். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு மேனேஜரும் ஆட்டக்காரர் பேர் எழுதிய லிஸ்ட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். போலீஸ் டீமுக்கு மேனேஜர் இன்ஸ்பெக்டர். லிஸ்ட்டில் கோல்கீப்பர் பேருக்குப் பதிலாக வேறொரு பேர் எழுதிவிடு என்றார். எழுதினேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவனுக்குப் பதினொரு பேர் எழுதவே ஒரு மணி நேரம் ஆகும். எழுதி முடித்ததும் இன்னும் பயமாக இருந்தது. உட்கார்ந்து உண்மைப் பேர் போட்டு இன்னொன்று எழுதினேன். சட்டையின் இரண்டு பக்கப் பையிலும் ஒவ்வொரு லிஸ்ட்டாக வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

மைதானம் சுற்றி ஜனம். கயிறு கட்டிய இடமெல்லாம் காக்கி. மலை ஆட்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கோல்கீப்பரைத் தனியாகக் கூப்பிட்டு வாரண்ட் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் சாக்கு தேடுகிற மாதிரி அலைந்தது.

"வேற பேர் போட்டிருக்கேன்" என்றேன்.

"பேரு கேட்டா நான் இன்னான்னு சொல்லட்டும்? அப்பன் பேரையும் மாத்திச் சொல்லணுமா?"

அவனுக்குப் பொய் சொல்லிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஏற்கெனவே ஒருமுறை என் பேச்சைக் கேட்டுத்தான் இந்த இடத்தில் நிற்கிறான். இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடந்தேன். ஐம்பது அடி இருக்கும். பெனால்டி உதைக்க வருகிறவனைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. வலது பையிலிருந்த உண்மை லிஸ்ட்டைக் கொடுத்தேன்.

"மொதல் பேரு, வாரண்டு ஆளுங்க. வாய்தாவுக்குப் போவாதன்னு சொன்னவன் நான்தாங்க. அவன் தப்பு இல்ல. இன்னிக்கு ஆட உடுங்க. திங்கக்கெழம கோர்ட்டுக்கு நானே கொண்டாரேன்."

அவர் லிஸ்ட்டை மெதுவாகப் படித்தார்.

"நீ யாரு அவனுக்கு?"

"மேனேஜருங்க."

"கொண்டாரலன்னா?"

"என்ன வெச்சிக்குங்க."

"உன்ன வெச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது" என்றார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். "சரி, ஆடட்டும். கோல்கீப்பரு எங்க ஓடப் போறான். என் ஆளுங்க பதினோரு பேரும் அவனப் பாத்துக்கினுதான ஓடியாருவாங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் கோலுக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். பந்தோடு போலீஸ் ஃபார்வர்டு வருகிற ஒவ்வொரு தடவையும், பிடிக்க வருவது பந்தையா இவனையா என்று எனக்கே சந்தேகம். ஆறடி ஆள், முடி வெட்டின தலை, பூட்ஸ் சத்தம். கூட்டத்தில் ஒருவன், "கையக் காட்டுடா, வெலங்கு மாட்டட்டும்" என்று கத்தினான். இவன் காதில் வாங்கவில்லை. ஒரு பந்தை இடது மூலையில் விழுந்து பிடித்தான். ஒரு பந்து நெஞ்சில் பட்டு மேலே போனது, எழுந்து மறுபடியும் பிடித்தான். கோட்டுக்கு வெளியே நின்று நான் என் கையைப் பார்த்தேன். அவனோடு சேர்ந்து அதுவும் மூடித் திறந்துகொண்டிருந்தது. உள்ளே நின்று பயப்படுகிறவனுக்குக் கையில் வேலை இருக்கிறது. மேனேஜருக்கு அதுவும் இல்லை.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்திலும் இல்லை. இருட்டத் தொடங்கியதால் இரண்டு டீமும் கூட்டாக ஜெயித்ததாகச் சொன்னார்கள். ஆறு மாசம் அவர்களிடம், ஆறு மாசம் எங்களிடம். காசு சுண்டியதில் முதல் ஆறு மாசம் போலீசுக்கு. கோப்பையைக் கையில் வாங்கிய இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "திங்கக்கெழம பத்தரைக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோல்கீப்பர் வந்து, வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றான். வேண்டாமென்று சொல்ல வாய் எடுத்தேன். இரண்டு பிள்ளை பெற்றவனைக் கட்டியா வைக்க முடியும்? "மொத பஸ்ல வந்துரு" என்று மட்டும் சொன்னேன். அவன் பஸ் ஏறிய பிறகுதான் புரிந்தது, போலீஸ் பிடிக்க வேண்டிய ஆளை நானே மலைக்கு அனுப்பிவிட்டேன் என்று.

திங்கட்கிழமை மலையிலிருந்து முதல் பஸ் வந்தது. ஆள் ஆளாக இறங்கினார்கள். கடைசியில் கண்டக்டர் இறங்கினார். அவன் இல்லை. கோர்ட் வாசலில் போய் நின்றேன். ஒன்பதரை, பத்து. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். கேட்டிருந்தால்கூடத் தேவலை. ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இந்த வயதில் பொய் எதற்கு, நினைத்தேன். எனக்குத் தோன்றியது அவனுக்குத் தோன்றாமலா இருக்கும் என்றும் நினைத்தேன்.

பத்தேகாலுக்குத் தெருக்கோடியில் ஒரு கூட்டம் வந்தது. இருபது பேர் இருக்கும். முன்னால் அவன், இடுப்பில் பிள்ளையோடு அவன் பெண்டாட்டி, ஊர்ப் பெரியவர் ஒருவர். எல்லோருடைய காலிலும் முழங்கால் வரை புழுதி.

"ஏண்டா லேட்டு?" என்றேன்.

பெரியவர்தான் பதில் சொன்னார். "சாமிகிட்ட பூ கேக்காம எங்க ஆள கோர்ட்டுக்கு அனுப்ப மாட்டோங்க. சாமி சுருக்க பூ குடுக்கல. மொத பஸ்சு இருட்டுலயே போயிருச்சு. இருட்டோட இருட்டா குறுக்கு வழியில நடந்து எறங்கி வந்தோம்."

"குடுக்காமலே இருந்திருந்தா?"

"வந்திருக்க மாட்டோங்க" என்றார் அவர், சாதாரணமாக.

சாமி தலையில் வைத்த ஒரு பூ வலது பக்கம் விழுகிறதா என்று மலை மேல் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதில் தொங்கியது அவன் கழுத்து மட்டுமில்லை, என் கழுத்தும்தான். எனக்கு அது தெரியவே தெரியாது.

உள்ளே பேர் கூப்பிட்டார்கள். அவன் கூண்டுக்குப் போனான், நானும் பின்னாலேயே போனேன். "நீ எதுக்கு ஏறி வர்ற?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். டீக்கடையில் கேட்டதிலிருந்து நாலு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். ஆட்டத்துக்காக வாய்தாவுக்குப் போக வேண்டாமென்று நான்தான் சொன்னேன், அவன் வெகுளி, ஜாமீனுக்கு நான் நிற்கிறேன். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "ஆளு சொன்னபடி கொண்டாந்துட்டாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். மாஜிஸ்திரேட் என்னைத்தான் திட்டினார், கோர்ட் மொத்தமும் கேட்கத் திட்டினார். பிறகு வாரண்டை ரத்து செய்து, அடுத்த வாய்தா தேதி கொடுத்தார். ஜாமீன் காகிதத்தில் என் பேரை எழுத்துக் கூட்டி எழுதினேன். கோர்ட் குமாஸ்தா பொறுமையாகக் காத்திருந்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாளே நான் மலைக்குப் போய், பூ கேட்கிற இடத்தில் நானும் நின்று, அவனைக் கையோடு கூட்டி வந்தேன். கேஸ் தள்ளுபடி ஆனது.

இப்போது கிளப்பின் ஆண்டு விழா மலர் போட்டிருக்கிறார்கள். பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கோப்பைப் படம் இருக்கிறது, கோல்கீப்பர் படம் இருக்கிறது. "கோல்கீப்பருக்கு ஏற்பட்ட சட்டச் சிக்கலை நிர்வாகத்தினர் தீர்த்து வைத்தனர்" என்று ஒரு வரி. எந்த நிர்வாகத்தினர்? அன்றைக்குக் கோர்ட் வாசலில் நிர்வாகம் என்று ஒரு ஈ காக்கை இல்லை. நான் இருந்தேன், இருபது மலை ஆட்கள் இருந்தார்கள்.

மறுபதிப்பு போடுகிறபோது அந்த வரியை எடுத்துவிட வேண்டும். வாரண்ட் வரக் காரணம் மேனேஜர், அதை ரத்து செய்ய வைத்தவனும் மேனேஜர் என்று எழுத வேண்டும். பாதியை மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பேரை முழுசாக, தப்பில்லாமல் போட வேண்டும்.