ஓடையில் கல் அடுக்கியவர்

எங்கள் குளியலறைச் சுவர் வெடிப்பில் போன வாரம் ஒரு பன்னச்செடி தலைகாட்டியது. பிடுங்கி எறியப் போனவன், சுருண்டிருந்த குருத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சுருளை நான் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தது ஒரு நோட்டுப் புத்தகத்தில், பென்சில் கோடாகத்தான்.

எழுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். வயது இருபத்திரண்டு, மீசையைவிட மிடுக்கு அதிகம். தோட்டத்தை அரசாங்கம் எடுக்கப்போகிறது, ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பப்போகிறது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களில் தினம் ஒரு கதை. புதிதாக யார் வந்தாலும் எங்களுக்குச் சந்தேகம்தான். அப்போதுதான் பதுளைத் துணிக்கடைக்காரர் மகன் ரஹீம் ஞாயிறுதோறும் வந்து எங்கள் ஓடையோரம் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். வரைந்து முடித்ததும் தண்ணீரில் இறங்கி, கற்களைச் சுருள் சுருளாக அடுக்குவார். பிறகு பஸ் ஏறிப் போய்விடுவார். சும்மா ஒருவன் இப்படிச் செய்வானா?

கீழ் லயத்துச் சங்கத் தலைவர் முத்தையா என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், அது எல்லைக் கல்லுங்க. நம்மள கெளப்பத்தான் அளக்குறான். நீங்க படிச்சவரு, அந்த நோட்ட பாத்துச் சொல்லுங்க."

'படிச்சவரு' என்றதில் குளிர்ந்துபோனேன்.

கேட்டதும் ரஹீம் நோட்டைக் கொடுத்துவிட்டார். அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது. பன்னக் குருத்து, வேர், நத்தை ஓடு. கடைசிப் பக்கத்தில் ஓடையின் வளைவு, பக்கத்தில் எண்கள்.

"இது என்ன அளவு?"

"என்ட காலடி மாஸ்டர். வரைஞ்ச சுருள கல்லுல வெக்க எத்தன அடி வேணும்டு பாத்தன்."

"யாருக்காக?"

"யாருக்குமில்ல."

நான் நம்பவில்லை. முத்தையாவிடம், "படம் இருக்கு, நம்பரும் இருக்கு" என்றேன். பொய்யில்லை. மற்றதைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பத்துப் பதினைந்து பேர் கற்களை உதைத்துக் கலைத்தார்கள். நோட்டு தண்ணீரோடு போனது. ரஹீம் சண்டைக்கு வரவில்லை.

"மழ வந்தா தண்ணியே கலச்சிருக்கும். நீங்க ஏன் கஷ்டப்பட்டீங்க?"

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தார். பிறகு வரவேயில்லை. பதுளைக்குப் போனால் அந்தத் துணிக்கடைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவது எனக்கு வழக்கமாயிற்று. தீபாவளி வேட்டியைக்கூடப் பண்டாரவளையில்தான் வாங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து நிஜமாகவே அளக்க வந்தார்கள், தோட்டத் துரையின் ஜீப்பில், சங்கிலியும் முக்காலியுமாக. அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூட நாற்காலிகளை நான்தான் வெளியே எடுத்துப் போட்டேன். முத்தையா வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது.

கீழ் லயத்தில் பதினொரு குடும்பங்களைக் கிளப்பினார்கள். முத்தையா இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக ரயில் ஏறியபோது பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். "நல்லாயிருங்க மாஸ்டர்" என்றார். லயம் இருந்த இடத்தில் இப்போது பைன் மரங்கள். அந்தப் பதினொரு வீட்டாரும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்லத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை.