எந்த வீடியோவுக்கு வந்த காசு?

போன வருசம் ஆவணி மாசம், காமயகவுண்டன்பட்டியில் என் தம்பி மகள் நிச்சயதார்த்தத்தில் நடந்தது இது.

நான் மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கூலிக்குத் திராட்சை வெட்டப் போய், குத்தகை பிடித்து, இன்றைக்கு ஆறு ஏக்கர் பந்தல் சொந்தமாக வைத்திருக்கிறேன். தம்பியைப் படிக்க வைத்ததும் நான்தான், அவனுக்குத் தோட்டம் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கொடியைப் பார்த்தே எத்தனை பெட்டி காய்க்கும் என்று சொல்லிவிடுவேன். இதையெல்லாம் உலகம் பார்க்கட்டும் என்று என் மருமகள்தான் வீடியோ சேனல் ஆரம்பித்துக் கொடுத்தாள்.

ஒரு நாள் கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டுவதை லைவாகக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ரெண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு, ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் முறை. அவன் முறையில் நான் தண்ணீர் பாய்ச்சிவிட்டேன் என்று தம்பி கேட்க வந்தான். ‘என் சோத்தைத் தின்ன நாயே, என்கிட்டயே முறை கேக்குறியா’ என்று அவன் பெண்டாட்டி பிள்ளை முன்னால் கிழித்துவிட்டேன். அத்தனையும் லைவில் போய்விட்டது. அழித்துவிடவா என்று மருமகள் கேட்டாள். நியாயம் என் பக்கம், கிடக்கட்டும் என்றேன்.

கொஞ்ச நாளில் பேங்குக்குக் காசு வர ஆரம்பித்தது. டீக்கடை, மண்டி, பஸ் ஸ்டாண்டு எல்லா இடத்திலும் சொன்னேன், படித்தவனுக்குக் கூட என் தொழில் ஞானம் தேவைப்படுகிறது என்று. அந்தக் காசில் தம்பி மகளுக்கு ஒரு ஜோடித் தோடு எடுத்தேன். சண்டை இருந்தாலும் பெரியப்பன் முறையை விட முடியுமா? நிச்சயத்தன்று தட்டை நீட்டி, மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படி, ‘சேனல்ல சம்பாதிச்சது’ என்றேன்.

தம்பி பக்கத்தில் வந்தான்.

“அண்ணே, இத எடுத்துட்டுப் போயிருங்க.”

“ஏன்டா, நான் செய்யக் கூடாதா?”

“என்னைய நாயேன்னு சொல்லி வந்த காசு. மாப்பிள்ளை வீட்டாளுக கூட அதப் பாத்துட்டுத்தான் வந்திருக்காக. எம் பொண்ணு காதுல அதப் போடச் சொல்றீகளா?”

“ஏலே, அது திராட்சைக்கு வந்த காசுடா!”

அவன் தட்டை என் கையிலேயே வைத்துவிட்டுப் போனான். அத்தனை பேர் முன்னால் தட்டோடு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டேன். எந்த வீடியோவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டு, அவன் மூஞ்சியில் விட்டெறிகிறேன் என்றேன்.

“வேணாம் மாமா.”

“காட்டுத்தா.”

போனை நீட்டினாள். கவாத்து, மருந்தடிப்பு, பெட்டி கட்டுவது என்று நான் தொண்டை வறளப் பேசியதெல்லாம் சேர்ந்து டீச் செலவுக்குக் கூடக் காணாது. மேலே இருந்த ஒன்றே ஒன்றுதான் மீதி மொத்தத்தையும் சம்பாதித்திருந்தது.

“நல்ல காய்க்குத்தானே நல்ல விலை?” என்றேன்.

“இது மண்டி இல்ல மாமா. நடுவுல ஓடுற விளம்பரத்துக்குத்தான் காசு. எத்தனை பேர், எவ்வளவு நேரம் பாத்தாகன்னு மட்டும்தான் கணக்கு. நீங்க சின்ன மாமாவத் திட்டுனதத்தான் கடைசி வரைக்கும் உக்காந்து பாத்திருக்காக.”

“முன்னாடியே ஏன் சொல்லல?”

“சொன்னா நம்பியிருப்பீகளா?”

உடனே அதை அழிக்கச் சொன்னேன். அடுத்த மாசம் காசு நின்றது. ஆனால் யார் யாரோ அதை வெட்டி எடுத்துத் தங்கள் சேனலில் போட்டிருக்கிறார்கள். அதற்கு வரும் காசு அவர்களுக்கு. ஒவ்வொருவரிடமும் எடுக்கச் சொல்லி மருமகள் எழுதிப் பார்த்தாள். ஒருத்தர் சிரிக்கிற பொம்மையை அனுப்பினார். மற்றவர்கள் பதிலே போடவில்லை.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை.

நாற்பது வருசம் வெயிலில் நின்று கற்றதைச் சும்மா கொடுத்தும் கேட்க ஆளில்லை. கூடப் பிறந்தவனை நான் ஒரு நிமிசம் கேவலப்படுத்தியதை மட்டும் இந்த நேரத்திலும் எவனோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான், அதை நிறுத்துகிற சாமர்த்தியம் எத்தனையோ சாதித்த என்னிடம் இல்லை.