வியாழக்கிழமை எப்போது தொடங்குகிறது

லீவு கிடைத்த அன்றைக்கு மிஷின் சத்தத்துக்கு நடுவே தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசைப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. வளையத்தில் பிசிறு இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் தள்ள வேண்டும். பதினொரு வருஷமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். வாராந்தர விடுமுறை நாள் இரண்டில் வேலைக்கு வந்து, அவற்றுக்கு ஈடாகக் காம்ப் ஆஃப் லீவு சேர்த்து, சூப்பர்வைசர் முன்னால் மூன்று தடவை போய் நின்று, திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள் வாங்கியிருந்தேன். மகளுக்கும் காலாண்டு விடுமுறை. எங்கள் மூவருக்கும் அதுதான் முதல் டூர்.

மொட்டை போட, கல்யாணத்துக்கு, சாவுக்கு என்று போய்வந்ததை எல்லாம் நான் டூர் என்று ஒத்துக்கொள்வதில்லை. அங்கேயும் யாருக்காவது சோறு பரிமாறிக்கொண்டுதானே இருக்கிறோம்.

திட்டம் முழுக்க என்னுடையது. கேன்டீனில் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்துப் பார்த்துப் போட்டது. மகளுக்குப் பாடப் புத்தகத்தில் பார்த்த மகாபலிபுரத்துக் கற்கோயில்கள் வேண்டும். எனக்குப் பாண்டிச்சேரியில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாக இருக்கும் அந்தத் தெருக்களில் ஒரு தடவை நடக்க வேண்டும். அதற்கும் தெற்கே தரங்கம்பாடி. கடலை ஒட்டி ஒரு பழைய கோட்டை, அதற்கு முன்னால் மணல். அங்கே மூன்று பேரும் சும்மா உட்கார வேண்டும். மாயவரத்திலிருந்து வியாழன் காலை ரயில். நாலு மணிக்கு வீடு.

என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே, கடலோடு கலக்கும் பழவேற்காடு ஏரியின் கரையில் எங்கள் குப்பம். அவருக்கு ஏரியில் இறால் பிடிக்கும் தொழில்.

"கடலப் பாக்க காசு குட்த்துப் போவணுமா? இங்க இன்னா கீது, குட்டையா?" என்றார்.

"கடல் மட்டும் இல்ல மாமா, பழைய கோயிலு, வெள்ளக்காரன் கட்டுன ஊரு, எல்லாம் ஒரே ரோட்ல வருது."

"வெள்ளக்காரன் கட்டுனதுன்னா படகு எடுத்தா பழவேற்காடு. டச்சுக்காரன் கல்லறையே கீது. எலும்புக்கூடெல்லாம் செதுக்கி வெச்சிக்கிறான். போய்ப் பாத்துக்கினு வா."

செத்தவர்களைப் பார்க்க நாலு நாள் லீவு எடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி சம்மதம். இரண்டு நாள் கழித்து அவராகவே, தரங்கம்பாடியில் என்ன மீன் படும், என்ன வலை போடுவார்கள் என்று கேட்டார். அது மீதிப் பாதி. மகள், "நைனா வர்றாரு, நைனா வர்றாரு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். நானும் டிக்கெட் போட்டேன், பாண்டிச்சேரியில் அறைக்கும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதி கொஞ்ச நஞ்சமல்ல.

அந்த நிம்மதி ஒன்பது நாள் நீடித்தது.

எங்கள் குப்பத்தில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் சில. அவற்றுக்காக அடித்துக்கொள்ளாமல், சீட்டுக் குலுக்கி, வரிசை வைத்துக்கொள்வார்கள். ஒருவர் பாடு வந்தால் அன்றைக்கு அந்த இடம் அவருக்கு மட்டும். போகாமல் விட்டால் போனது போனதுதான், வரிசை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். சாவு, கல்யாணம், நோய் என்ற மூன்றுக்கு மட்டும் முறை மாற்றிக் கொடுப்பார்கள். மற்றபடி யாரும் கேட்பதுமில்லை, கேட்டுக் கிடைத்ததுமில்லை.

அவருடைய அடுத்த பாடு வியாழக்கிழமை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வியாழன் நாலு மணிக்கு வீடு திரும்பும்படி ரயில் பார்த்திருந்தேன். கிளம்புவதற்கு எட்டு நாள் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெருமையாகப் போனை நீட்டி டிக்கெட்டைக் காட்டினேன்.

"நாலு மணிக்கு ஊட்ல இருப்போம் மாமா. நீ நிதானமா வலை எடுத்துக்கினு போலாம்."

"எதுக்கு?"

"உன் பாடுக்குதான். வியாழக்கெழம."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "வியாழக்கெழம பாடுக்கு பொதங்கெழம சாயங்காலமே வலை கட்டணும்மே."

கம்பெனியில் நைட் ஷிப்ட் வியாழன் ராத்திரி தொடங்கினால், வெள்ளி காலை முடிந்தாலும் அது வியாழன் கணக்கு. பதினொரு வருஷமாக என் ராத்திரிகளை நான் அப்படித்தான் எண்ணிவந்தேன். ஏரியில் அப்படியில்லை. மாலையில் கட்டிய வலையை விடியலில் தூக்குவார்கள், இறால் கரை ஏறும் நாள்தான் பாடு நாள். அவர் புதன் மாலை ஏரியில் நிற்க வேண்டிய நேரத்தில் நான் அவரைத் தரங்கம்பாடி மணலில் உட்கார வைத்திருந்தேன். நான் பிறந்தது காட்டுப்பள்ளிப் பக்கம். அங்கே எல்லாம் கடல் தொழில், பாடு என்ற பேச்சே கிடையாது. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி வந்தும் பதினொரு வருஷம் ஆகிவிட்டதே.

லீவைத் தள்ளிப்போட வழியில்லை. அந்த நாலு நாளும் எனக்குப் பதிலாக நிற்பதற்கு ஒருத்தியைக் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்திருந்தேன். டூரைச் சுருக்கலாம் என்றால், புதன் மத்தியானத்துக்குள் வீடு வர வேண்டும், பாண்டியைத் தொட்டதும் திரும்ப வேண்டியதுதான். கோபம் என் மேல்தான். ஆனால் வெளியே வந்தது வேறு மாதிரி.

"சரி, நீ இரு. நானும் பொண்ணும் போய்ட்டு வர்றோம். உனக்குத்தான் கடல் இங்கயே கீதே."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கற்கோயிலோ கோட்டையோ போனால் போகட்டும். எங்கள் வீட்டில் நான் கம்பெனி வேனில் ஏறும் நேரத்துக்கு அவர் கரை ஏறுவார். நான் இறங்கும் நேரத்துக்கு அவர் வலையோடு கிளம்புவார். ஒருவர் சாப்பிட்ட தட்டை இன்னொருவர் கழுவி வைத்தே காலம் ஓடிவிட்டது. மூன்று பேரும் சேர்ந்தாற்போல் நாலு நாள் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு அவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, பெண்டாட்டியோடு ஊர் சுற்றப் போகிறேன், முறை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். பத்து ஆம்பிளைகளுக்கு நடுவில் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை அவர். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அடுத்த நாள் மாலை கோயில் முன்னால் கூட்டம். சட்டை மாட்டிக்கொண்டு போனார். எதற்குப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"ஆச்சு. நம்மளுக்கு அடுத்தவன் பொதங்கெழம கட்டறான். அவன் மொறைய நாம எடுத்துக்கணும். துணியெல்லாம் எடுத்து வையி."

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மாசக்கணக்கில் இடுப்பில் சுமந்த குடத்தை யாரோ வாங்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "இன்னான்னு சொல்லிக் கேட்ட?" என்றேன்.

"கேட்டேன். குட்த்தாங்க. உட்ரு."

அந்த 'உட்ரு'தான் என்னை உறுத்தியது. சாவும் இல்லை, கல்யாணமும் இல்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது நோய். பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருப்பார். கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் போகிறோம் என்பது நிச்சயமாகிவிட்டதே, அந்த நிம்மதியில் வருத்தத்தை மென்று விழுங்கிவிட்டேன். புருஷன் பொய் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றுவது பெண்டாட்டி வேலை. இரண்டு நாள் தெருக்குழாயில் தலையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். யாராவது எதிரில் வந்தால் லேசாக இருமினேன். யாரும் எதுவும் கேட்காதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, கம்பெனி வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், முறை மாற்றிக்கொண்டவரின் மனைவி. பேக்கிங்கில் வேலை பார்க்கிறாள், என்னைவிடச் சின்னவள்.

"இன்னாக்கா, தலையில துணி?"

"ஜுரம். உடம்பே சரியில்ல. அதான் ஆஸ்பத்திரிக்கு…"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யாராண்ட கத வுட்ற? பாண்டிக்குப் போறது குப்பத்துக்கே தெரியும். அண்ணன் ஒன்கைல ஒண்ணும் சொல்லலியா?"

தலைத் துணியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரர் வந்து சொன்னதை எனக்குச் சொன்னாள்.

கூட்டத்தில் இவர் எழுந்து, பெண்டாட்டியையும் பெண்ணையும் ஊர் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும், முறை மாற்றிக் கொடுங்கள் என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். தேனிலவுக்கா என்று ஒருவர் கேட்டாராம். குப்பத்துத் தலைவருக்கு இவர் மேல் பிரியம். அவரே வழியும் சொல்லிக் கொடுத்தாராம், "அந்த மாரி மொறையில்லபா. சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லு, மாத்தி உட்டுர்றேன்" என்று.

"அதுக்கு அண்ணன் இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? 'அதுக்கு ஒடம்பு நல்லாத்தான் கீது. எங்கம்மா மெட்ராஸப் பாத்ததே ஆஸ்பத்திரிக்குப் போவும்போதுதான். இத நல்லாக் கீற அப்பவே கூட்டிக்கினு போறேன்'னாராம். அதுக்கப்புறம் யாரும் சிரிக்கலியாம். எங்க ஊட்டுக்காருதான் எழுந்து, நான் மாத்திக்கிறேன்னாராம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேன் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.